லூப் லைனில் அணைந்த சிவப்புக் கீற்று: ஒரு சிக்னல் பிரிவில் ஆள், பயிற்சி, தளவாடம்

பின்னணி

சென்னைப் புறநகர் ரயில் பாதையில் சிக்னல் பராமரிப்பைப் பார்க்கும் ஒரு பிரிவில் 2023 நவம்பரில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நிலையத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இதற்குத் தேவையில்லை. அப்போது நான் வேறொரு பிரிவின் பொறுப்பில் இருந்தேன். விசாரணைக்கு அமைத்த மூவர் குழுவில் சிக்னல் துறையின் சார்பில் சேர்க்கப்பட்டேன். மற்ற இருவரில் ஒருவர் போக்குவரத்துத் துறை, இன்னொருவர் தண்டவாளப் பராமரிப்பு.

நடந்ததைப் புரிந்துகொள்ள ட்ராக் சர்க்யூட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் ஒரு நீளத்தை இன்சுலேஷன் வைத்துத் தனியாகப் பிரித்து, ஒரு முனையில் பேட்டரியிலிருந்து சிறிய மின்னழுத்தம் கொடுக்கிறோம். மறுமுனையில் ரிலே, அதாவது மின்காந்த சுவிட்ச், இருக்கும். தடம் காலியாக இருந்தால் மின்சாரம் தண்டவாளம் வழியாகப் போய் ரிலேயைத் தூக்கி வைத்திருக்கும். வண்டி வந்துவிட்டால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலேக்கு மின்சாரம் போகாது, ரிலே விழும். ஸ்டேஷன் மாஸ்டரின் பேனலில் அந்தத் தடம் சிவப்புக் கீற்றாகத் தெரியும். அந்தத் தடத்துக்கு இன்னொரு வண்டியை எடுக்க சிக்னல் கிடைக்காது.

ஒயர் அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் ரிலே விழத்தான் செய்யும், அதாவது கோளாறு எதுவானாலும் சிவப்பு வரும். ரயில்வே சிக்னலின் அடிப்படைப் பாதுகாப்பு இதுதான். ஆனால் இதே குணம் மழைக்காலத்தில் தொல்லையாக மாறும். ஜல்லி சேறும் குப்பையுமாக இருந்து நனைந்தால், ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதுக்கு ஜல்லி வழியாகவே மின்சாரம் கசியும். வண்டி இல்லாமலே ரிலே விழும். தடம் காலி, பேனலில் சிவப்பு. அந்த நேரம் வண்டி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல் அலுவலகத்திலிருந்து போன் வரத் தொடங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தில் மூன்று ரயில்கள் சிக்கிய விபத்து நடந்தது. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் இருந்த தவறுகள் அதற்குக் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. அதன் பிறகு நாடு முழுவதும் ரிலே அறைகளின் இரட்டைப் பூட்டு சோதிக்கப்பட்டது. டிஸ்கனெக்‌ஷன் மெமோ, அதாவது கருவியைப் பணியிலிருந்து எடுப்பதாக ஸ்டேஷன் மாஸ்டருக்கு எழுதிக் கொடுக்கும் தாள், இல்லாமல் எந்தக் கருவியிலும் கை வைக்கக் கூடாது என்ற பழைய விதி மறுபடி மறுபடி நினைவூட்டப்பட்டது. நான் சொல்லும் பிரிவிலும் அந்தச் சுற்றறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்து மாதத்தில் அதே விதி அங்கே மீறப்பட்டது. மீறியவர் பொறுப்பில்லாத ஆள் இல்லை. அதனால்தான் இந்த நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த மழை இரவு

நவம்பர் நடுவில் நல்ல மழை பெய்த இரவு. நிலையத்தின் லூப் லைனில் ட்ராக் சர்க்யூட் மாலையிலிருந்தே விட்டு விட்டுக் கோளாறு கொடுத்தது. லூப் லைன் என்பது முக்கியப் பாதையிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் பக்கத் தடம், அவ்வளவாக வண்டி ஓடாது. ஆனால் அன்று ஒரு சரக்கு வண்டியை அதில் ஒதுக்கினால்தான் பின்னால் வரும் புறநகர் வண்டிகளைத் தாமதமில்லாமல் விட முடியும் என்ற நிலை.

இரவுப் பணியில் ஒரு மெயின்டெய்னரும் ஒரு ஹெல்பரும் இருந்தார்கள். இவர்களுக்கு அந்த நிலையம் மட்டுமில்லை, அடுத்த நிலையமும் சேர்த்துத்தான் பொறுப்பு. மெயின்டெய்னர் பணியில் சேர்ந்து ஐந்தாறு ஆண்டு ஆனவர். ஹெல்பர் அந்த ஆண்டுதான் வந்தவர், வட மாநிலத்து இளைஞர். முதலில் அடுத்த நிலையத்தில், வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்ட் ஒன்றின் கோளாறைச் சரிசெய்துவிட்டு, இரண்டு பேரும் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து வந்தார்கள்.

ஃபீட் எண்டில், அதாவது பேட்டரி இருக்கும் முனையில், உள்ள பெட்டியைத் திறந்து, அங்கிருந்த ரெகுலேட்டிங் ரெசிஸ்டன்ஸை மெயின்டெய்னர் குறைத்தார். அதைக் குறைத்தால் தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தம் கூடும். ஜல்லியில் கசிந்தது போக மிச்சம் ரிலேயைத் தூக்கும். ரிலே தூக்கியது, பேனலில் சிவப்பு போனது, சரக்கு வண்டியும் உள்ளே வந்தது. கண்ட்ரோலுக்கு "ரைட் ஆயிடுச்சு சார்" என்று தகவல் போனது.

ரெசிஸ்டன்ஸைத் தொடக் கூடாது என்றில்லை. தொடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்‌ஷன் மெமோ கொடுத்து, அவர் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்ததும், வண்டிச் சக்கரத்துக்குப் பதிலாக 0.5 ஓம் ஷண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்து ரிலே விழுகிறதா என்று பார்த்து, அளவுகளை அட்டையில் எழுதி, அப்புறம்தான் ரீகனெக்‌ஷன் கொடுக்க வேண்டும். ஷண்ட் வைத்துப் பார்ப்பதுதான் உயிர். மழையில் கூட்டிய மின்னழுத்தம், வெயில் வந்து ஜல்லி காய்ந்ததும் கசிவு நின்று அளவுக்கு மீறிப் போகும். அப்போது வண்டியே நின்றாலும் ரிலே விழாமல் போகலாம். கோளாறு வந்தால் சிவப்பு என்ற அடிப்படையே அங்கே கவிழ்ந்துவிடுகிறது.

அன்று மெமோவும் போடவில்லை, ஷண்ட் சோதனையும் நடக்கவில்லை, அட்டையிலும் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள்

மழை விட்டு வெயில் அடித்தது. முற்பகலில், மேல்நிலை மின்கம்பி வேலைக்குப் போகும் டவர் வேகன் ஒன்று லூப் லைனுக்குள் வந்து நின்றது. ஒற்றை வண்டி, எடை குறைவு. பயன்பாடு குறைந்த தடம் என்பதால் தண்டவாளத்தின் மேல் மழையில் துருவும் ஏறியிருந்தது. துருவும் லேசான வண்டியும் சேர்ந்தால் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு சரியாகக் கிடைக்காது. மின்னழுத்தமும் கூடியிருந்தது.

பணியில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், பேனலில் லூப் லைன் சிவப்புக் கீற்று மினுக்குவதைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அது அணைந்தே போனது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் டவர் வேகன் அங்கேயேதான் நிற்கிறது.

அவர் செய்தது வரிசையாக இது. லூப் லைனுக்கு வண்டி எடுக்கும் சிக்னல் பட்டனின் மேல் காலர் மாட்டினார், தெரியாமல்கூட யாரும் அழுத்திவிடக் கூடாது என்று. கண்ட்ரோலுக்குச் சொன்னார். கோளாறுப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதினார். மெயின்டெய்னரைக் கூப்பிட்டு, "தம்பி, வண்டி நிக்குது, ட்ராக் காலின்னு காட்டுது. நீங்க மெமோ கொடுக்காம பெட்டியத் திறக்கக் கூடாது" என்றார். அந்த நேரத்தில் லூப் லைனுக்கு எடுக்க வேண்டிய வண்டி எதுவும் இல்லை. அதனால் எந்த ஆபத்தும் நேரவில்லை. ஆனால் அவர் பேனலை மட்டும் நம்பி, ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருந்திருந்தால், நின்ற வண்டி மேல் இன்னொரு வண்டியை எடுக்க அந்தப் பேனல் அனுமதித்திருக்கும்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குப் பிற்பாடு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். முழுக்கத் தகுதியானது.

உடனே எடுத்த முடிவுகள்

தகவல் வந்த அன்று பிற்பகலே பிரிவின் பொறுப்பாளரும் மேலதிகாரியும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். லூப் லைன் ட்ராக் சர்க்யூட்டை முழுமையாக டிஸ்கனெக்ட் செய்து, அந்தத் தடத்தையே ஒதுக்கி வைப்பது என்று முடிவானது. போக்குவரத்துப் பக்கம் எதிர்ப்பு இருந்தது. லூப் லைன் இல்லாமல் சரக்கு வண்டிகளை எங்கே ஒதுக்குவது என்ற அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனாலும் காரணம் முழுதாகத் தெரியாமல் அந்த சர்க்யூட்டை மறுபடி பணியில் சேர்க்க முடியாது என்று அதிகாரி எழுத்திலேயே கொடுத்தார்.

டேட்டா லாகரில் பதிவான விவரத்தை அன்றே எடுத்து வைத்ததும் நல்ல முடிவு. ஒவ்வொரு ரிலேயும் எப்போது தூக்கியது, எப்போது விழுந்தது என்று அதில் நேரத்தோடு இருக்கும். மழை இரவில் ரிலே தொடர்ந்து விழுந்து எழுந்ததும், ஒரு கட்டத்துக்குப் பிறகு அசையாமல் நின்றதும், மூன்றாம் நாள் வண்டி நின்றபோதே மறுபடி தூக்கியதும் அப்படியே தெரிந்தது. மெயின்டெய்னரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டதும் ரெசிஸ்டன்ஸைக் குறைத்ததைச் சொல்லிவிட்டார்.

விசாரணையில் பார்த்தது: ஆள்

பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 21. பட்டியலில் இருந்தவர்கள் 14. அந்த 14 பேரில் ஒருவர் நீண்ட மருத்துவ விடுப்பு; இரண்டு பேர் வேறு அலுவலகத்தில் எழுத்து வேலை; ஒருவர் கட்டுமானப் பணிக்கு உதவியாக அனுப்பப்பட்டவர். வார ஓய்வு, விடுப்பு எல்லாம் போக, ஒரு நாளில் மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்துப் பாதையில் இறங்கக்கூடியவர்கள் ஏழெட்டுப் பேர். மேலே போகும் அறிக்கைகளில் 14 என்றுதான் இருக்கும். பாதையில் இறங்குபவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

அனுமதிக்கப்பட்ட அந்த 21 என்ற எண்ணும் பழையது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் கூடுதல் தடம் வந்தது, பாயிண்டுகள் கூடின, சிக்னல்கள் கூடின. புதிய வேலைக்கு நிதி வரும்போது கருவிகளுக்குப் பணம் வருகிறது. அவற்றைப் பராமரிக்கும் இடங்களை உருவாக்குவது தனிக் கோப்பு. அது நிதிப் பிரிவைத் தாண்டி வர ஆண்டுக்கணக்காகிறது.

புது ஆட்கள் வருவதிலும் இதே தாமதம்தான். லெவல் 1 பணிகளுக்கு 2019-ல் 1,03,769 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஒரு கோடிக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. கணினித் தேர்வு 2022 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அந்தத் தேர்வில் வென்று வந்தவர்களில் ஒருவர்தான் நமது ஹெல்பர். விண்ணப்பித்ததிலிருந்து பணியில் சேரும்வரை நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டில் இந்தப் பிரிவிலிருந்து அனுபவம் மிக்க பலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். பழையவரும் புதியவரும் ஒரே ஷிஃப்டில் சேர்ந்து நின்று வேலை பார்த்த காலம் என்று ஒன்று இல்லாமலே போனது. எங்கள் தலைமுறை வேலை கற்றது அந்த மாதிரிச் சேர்ந்து நின்றுதான்.

பயிற்சி

தெற்கு ரயில்வேயில் சிக்னல் பணியாளர்களுக்கான பயிற்சி மையம் போத்தனூரில் இருக்கிறது. நல்ல மையம். மாதிரி பேனல், ட்ராக் சர்க்யூட், பாயிண்ட் மெஷின் எல்லாம் வைத்துக் கையால் செய்யச் சொல்லித் தருகிறார்கள். நமது மெயின்டெய்னர் ஆரம்பப் பயிற்சி அங்கேதான் முடித்தார். அதற்குப் பிறகு போக வேண்டிய புத்தாக்கப் பயிற்சிக்கு இரண்டு முறை பெயர் வந்திருக்கிறது. இரண்டு முறையும் பிரிவிலிருந்து "ஆள் பற்றாக்குறையால் ரிலீஸ் செய்ய இயலவில்லை" என்று பதில் போயிருக்கிறது. கோப்பில் அந்தக் கடிதங்களைப் பார்த்தோம். அந்தப் பொறுப்பாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெயின்டெய்னரை அனுப்பியிருந்தால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் இருந்திருக்காது.

மெயின்டெய்னரிடம் நான் தனியாகப் பேசினேன். தடத்துக்குள் வரும், போகும் அச்சுகளை எண்ணும் கருவியான ஆக்ஸில் கவுண்டர் பற்றிக் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார். அவர் வந்த பிறகு அந்தப் பகுதியில் வந்தவை பெரும்பாலும் அவைதான். பழைய டி.சி. ட்ராக் சர்க்யூட் மிச்சமிருந்தது சில இடங்களில் மட்டும். மழையில் அது எப்படி நடந்துகொள்ளும், வெயிலில் எப்படி மாறும் என்பதை அவர் புத்தகத்தில் படித்திருக்கிறார், கையால் அளந்து பார்த்ததில்லை. "அண்ணன் ஒருத்தர் இப்படித்தான் அட்ஜஸ்ட் பண்ணுவாரு சார், பார்த்திருக்கேன்" என்றார். அந்த அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் ரெசிஸ்டன்ஸைத் திருப்பியதை இவர் பார்த்திருக்கிறார். மழை விட்டதும் மறுநாள் வந்து அவர் அதைத் திருப்பி வைத்து ஷண்ட் போட்டுப் பார்த்திருப்பார். அந்தப் பாதி இவருக்கு வந்து சேரவில்லை.

தகுதிச் சான்றிதழ்களையும் எடுத்துப் பார்த்தோம். இவருடையதும் இன்னும் ஐந்து பேருடையதும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்தாகியிருந்தன. ஆறு பேரை ஒரே நாளில் நேர்மையாகச் சோதிக்க முடியாது. ஒருவரை மட்டும் பாயிண்டிலும் ட்ராக்கிலும் நிறுத்திச் செய்யச் சொல்லிப் பார்க்கவே அரை நாளுக்கு மேல் ஆகும்.

ஹெல்பர் விஷயம் வேறு. கவனமானவர், உழைப்பாளி. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது, மூத்தவர்களுக்கு இந்தி தெரியாது. கையேடுகள் ஆங்கிலத்தில். அன்று இரவு ரெசிஸ்டன்ஸைக் குறைத்தபோது அவர் பக்கத்திலேயே டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அது எதற்கு என்று கேட்கும் அளவுக்கு இருவருக்கும் பொதுவான பேச்சு இல்லை.

பொருள்

மூன்றிலும் எனக்கு அதிகம் வலித்தது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபீட் எண்ட் பெட்டியில் இருந்த 2 வோல்ட் லெட் ஆசிட் செல்களை ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தோம். முழு சார்ஜில் ஆசிட்டின் அடர்த்தி 1.210 அளவில் இருக்க வேண்டியது, 1.150-க்கும் கீழே கிடந்தது. பராமரிப்பு அட்டையில் பல மாதமாக எல்லா வரியிலும் 1.210. அடியில் வண்டல். பிளேட்டுகளில் வெள்ளைப் படிவு. காரணம் கேட்டபோது ஹெல்பர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனபோது நிலையத்தின் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். சென்னையின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உப்பு செல்லைக் கொன்றுவிடும். செல் பலவீனமாக இருந்ததால்தான் மழையில் ரிலேயைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. செல் நன்றாக இருந்திருந்தால் அன்று ரெசிஸ்டன்ஸைத் தொடும் தேவையே குறைந்திருக்கும்.

மாற்று செல் இல்லையா என்றால், இருந்தது. பிரிவின் கிடங்கில் புது செல்கள் பெட்டி பிரிக்காமல் அடுக்கியிருந்தன. புது செல்லை அப்படியே எடுத்துப் போட முடியாது. ஆசிட் நிரப்பி, முதல் சார்ஜை மெதுவாக, பல மணி நேரம், வெப்பத்தையும் அடர்த்தியையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைப் பார்த்த ஊழியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. சார்ஜரும் பழுது. ஆகவே கணக்கில் செல் இருப்பு உண்டு, பெட்டியில் செத்த செல். இது பொருள் பற்றாக்குறையா, ஆள் பற்றாக்குறையா என்று குழுவில் பேச்சு வந்தபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் அமைதியானோம். விசாரணைப் படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தது.

ஷண்ட் பெட்டி பிரிவில் ஒன்றுதான். அது பழுது பார்க்கப் போய்த் திரும்பி வரவில்லை. அளவு சோதனை முடிந்த மல்டிமீட்டர் இரண்டு, அவற்றில் ஒன்று அலுவலக அலமாரியில். மெயின்டெய்னர் கையில் வைத்திருந்தது ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொந்தக் காசில் வாங்கிய மீட்டர். இன்சுலேஷன் டேப், டார்ச் செல், சில சமயம் கையுறைகூட ஆட்கள் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். வேலை மீது அக்கறை இருப்பதால்தான் வாங்குகிறார்கள். ஆனால் அப்படி வாங்குவதால் அந்தத் தேவை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கணக்கில் ஏறாதது எப்படித் திரும்பி வந்து கடிக்கிறது என்பதை ஸ்டோர்ஸ் கோப்புகளில் பார்த்தோம். ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீடு பெரும்பாலும் முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு வழங்கப்பட்டது என்பதை வைத்தே போடப்படுகிறது. டிஸ்டில்டு வாட்டர் ஒரு ஆண்டு பாதிதான் வந்தது. அந்தப் பாதியோடு சமாளித்தார்கள். அடுத்த ஆண்டு மதிப்பீட்டில் அந்தப் பாதிதான் தேவை என்று ஆனது. இன்சுலேட்டட் ஜாயிண்டுக்கான நைலான் லைனர்களும் அப்படித்தான் குறைந்துகொண்டே போயிருந்தன. தேய்ந்த ஜாயிண்டையே கழற்றி, சுத்தம் செய்து, திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

ரிலே, சிக்னல் கேபிள் போன்றவற்றை அவசரத்துக்கு வெளியே வாங்க முடியாது; ரயில்வேயின் ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. அங்கீகரித்தவர்களிடம்தான் வாங்க வேண்டும். பாதுகாப்பு சார்ந்த பொருள் என்பதால் அது சரியான விதி. ஆனால் டிஸ்டில்டு வாட்டருக்கு அந்தத் தடை இல்லை. சில்லறைச் செலவுக்குக் கையில் வைத்திருக்கும் இம்ப்ரெஸ்ட் பணத்தில் அன்றன்றைக்கே வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் தணிக்கையில் கேள்வி வரும் என்று பயந்து வாங்காமல் விட்டதாகத் தெரிந்தது.

தண்டனை பற்றி எழுந்த கருத்து வேறுபாடு

குழுவில் போக்குவரத்துத் துறை உறுப்பினர், மெயின்டெய்னர் மீது பெரிய தண்டனைக்கான எஸ்.எஃப். 5 குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்றார். பாலசோருக்குப் பிறகும் மெமோ இல்லாமல் பெட்டியைத் திறப்பதை மன்னிக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கும் அதில் பாதிக்கு மேல் உடன்பாடுதான். மெமோ போடாததற்கு ஆள் குறைவு காரணமாக முடியாது; ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க ஐந்து நிமிடம் போதும். ஷண்ட் இல்லையென்றால் சர்க்யூட்டைப் பணியில் சேர்க்காமல் விட்டிருக்க வேண்டும். வண்டிகள் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் அவர் ஒருவர் மீது மட்டும் எழுதி அறிக்கையை மூடினால், அதே பெட்டியில் அதே செல்லோடு அடுத்த ஆள் போய் நிற்பார். இதைத்தான் நான் அழுத்தமாகச் சொன்னேன். கடைசியில் சிறு தண்டனைக்கான எஸ்.எஃப். 11 மெயின்டெய்னருக்கும், சோதிக்காமல் சான்றிதழ் கொடுத்த மேற்பார்வையாளருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. மெயின்டெய்னரைத் தனிப் பொறுப்பிலிருந்து எடுத்து, போத்தனூருக்கு அனுப்பி, திரும்பி வந்த பிறகு வேறு பிரிவு அதிகாரி முன்னிலையில் சோதித்துத்தான் மறுபடி ஷிஃப்டில் போட வேண்டும் என்றும் எழுதினோம். அறிக்கையின் மிச்சப் பக்கங்கள் ஆள், பயிற்சி, பொருள் பற்றியவை. மேலதிகாரி அவற்றை வெட்டாமல் அப்படியே அனுப்பினார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

புயலுக்கு முன்

அடுத்த பெரிய மழைக்கு அதிக நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் செய்தது எழுத்து வேலையில் இருந்த இருவரையும் பாதைக்குத் திருப்பியது. கசப்பு இருந்தது, பல ஆண்டாக மேசையில் இருந்தவர்கள். அவர்களைப் பகல் ஷிஃப்டில் அனுபவசாலிகளோடு சேர்த்து, இரவுக்கு நிலையத்துக்கு ஒரு ஜோடி கிடைக்கும்படி ரோஸ்டரை மாற்றினோம். அதற்கு விலையாக, வண்டி அரிதாகவே போகும் இரண்டு சைடிங்குகளின் பராமரிப்பை ஒரு மாதம் தள்ளி வைக்க அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கப்பட்டது. ஆள் இல்லாதபோது ஏதாவது ஒரு வேலை விடுபடத்தான் செய்யும். எது விடுபடுகிறது என்பதை அதிகாரி முடிவு செய்து கையெழுத்திட வேண்டும், மழையில் நிற்கும் மெயின்டெய்னர் தலையில் அதை விடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தோம்.

பக்கத்துப் பிரிவிலிருந்து சார்ஜர் கடன் வாங்கினோம். ஓய்வு பெற்ற பேட்டரி ஊழியர் அருகிலேயே வசித்தார். அவரைக் கேட்டபோது, "என்ன சார் இது, கேக்கணுமா" என்று மறுநாளே வந்துவிட்டார். முறைப்படி அவரை மதிப்பூதியத்தில் வைக்கத் தாள்கள் போயின. அவர் முதல் சார்ஜ் கொடுக்கும்போது மூன்று இளைஞர்களைப் பக்கத்தில் நிறுத்தி, நேரம், வெப்பம், அடர்த்தி எல்லாவற்றையும் அவர்களையே எழுத வைத்தார். தண்டவாளப் பராமரிப்பு உறுப்பினர் தன் ஆட்களைக் கொண்டு லூப் லைனின் அடைந்த ஜல்லியைச் சலித்து, ஓர வடிகாலைத் திறந்துவிட்டார். ஷண்ட் பெட்டிகள் இரண்டு வந்தன.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே 14-ஆம் எண் பாலத்தில் வெள்ளம் ஏறி, சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய வண்டிகள் ரத்தாயின. புறநகர் வண்டிகளும் நின்றன. எங்கள் வேலைக்கு அதை முழுச் சோதனை என்று சொல்ல முடியாது. வண்டியே ஓடாதபோது சிக்னல் கோளாறு யாரையும் தொடுவதில்லை. ஆனால் தண்ணீர் வடிந்து சேவை திரும்பத் தொடங்கியபோது, அந்த நிலையத்தில் ஒவ்வொரு ட்ராக் சர்க்யூட்டையும் மெமோ போட்டு, ஷண்ட் வைத்து, அளவெழுதித்தான் பணியில் சேர்த்தார்கள். தாழ்வாக இருந்த இரண்டு பெட்டிகளில் தண்ணீர் புகுந்து செல்கள் வீணாயின. சார்ஜ் ஏற்றிய மாற்று செல்கள் கையில் இருந்தன. அன்றே மாற்ற முடிந்தது.

அடுத்த ஆண்டு

2024 கோடையில், மே முதல் ஜூலை வரை, இரண்டிரண்டு பேராக போத்தனூருக்கு அனுப்பினார்கள். பயிற்சியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்ற விதியை அந்தப் பிரிவு தனக்குத் தானே போட்டுக்கொண்டது. அவர்கள் இடத்தை நிரப்ப என் பிரிவிலிருந்தும் ஆள் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சோடு. சான்றிதழ் சோதனை ஒரு நாளைக்கு ஒருவர் என்று மாறியது. வாய்க்கேள்வியோடு நிற்காமல் மூன்று வேலைகளைக் கையால் செய்து காட்ட வேண்டும்: ஷண்ட் சோதனை, பாயிண்டில் 5 மி.மீ. தகடு வைத்து அது லாக் ஆகாமல் இருப்பதைக் காட்டுவது, மெமோ எழுதுவது.

லொகேஷன் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்ட, படங்களோடு ஒரு தாள் தயாரித்தார்கள். தமிழிலும் இந்தியிலும் சில வரிகள். அதை எழுதியதில் பெரும்பங்கு அந்த ஹெல்பருடையது. இப்போது தமிழ் ஓரளவு பேசுகிறார். மெயின்டெய்னரும் திரும்பி வந்து ஷிஃப்டில் இருக்கிறார். ட்ராக் சர்க்யூட் வேலைக்கு மற்றவர்கள் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நிலைக்காதவையும் உண்டு. பயிற்சி முடித்தவர்களில் ஒருவர் சொந்த மாநிலத்துக்கு இடமாற்றம் வாங்கிப் போய்விட்டார். அவருக்கு அது உரிமை, பிரிவுக்கு இழப்பு. மேசைக்குப் பழகிய ஒருவர் சில மாதத்தில் மறுபடி அலுவலகத்துக்குப் போனார். அனுமதிக்கப்பட்ட இடங்களை உயர்த்தக் கேட்ட கோப்பு திரும்பத் திரும்பக் கேள்வியோடு வந்தது. லூப் லைனுக்கு ஆக்ஸில் கவுண்டர் போடும் திட்டம் ஏற்கப்பட்டிருக்கிறது. அது வந்தால் ஜல்லிக் கசிவின் தொல்லை அங்கே போய்விடும். ஆனால் ஆக்ஸில் கவுண்டரைக் கோளாறுக்குப் பின் ரீசெட் செய்வதிலும் இதே மாதிரி அவசரமும் இதே மாதிரி ஆபத்தும் உண்டு. தடம் காலியா என்று கண்ணால் பார்க்காமல் ரீசெட் கொடுத்தால் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.

மாற வேண்டியவை

இந்த விசாரணையிலிருந்து நான் முதலில் கேட்பது, இல்லாத பொருளுக்கு ஒரு பதிவேடு. கேட்டோம், கிடைக்கவில்லை, இவ்வளவு கேட்டோம், இவ்வளவுதான் வந்தது, இன்னது சொந்தக் காசில் வாங்கினோம் என்று. அந்தப் பிரிவு 2024 ஜனவரியில் இதைத் தொடங்கியது. நடுவில் சில மாதம் நின்றுபோய், புதுப் பொறுப்பாளர் வந்த பிறகு மறுபடி ஓடுகிறது. அதை ஆதாரமாக இணைத்து அனுப்பிய பிறகுதான் டிஸ்டில்டு வாட்டரின் ஆண்டு மதிப்பீடு உயர்ந்தது. மற்றப் பிரிவுகளும் தொடங்கலாம். யாருடைய அனுமதியும் இதற்குத் தேவையில்லை.

ஆள் கணக்கு அனுப்பும் படிவத்தில், அனுமதித்தது, பட்டியலில் உள்ளது என்ற இரண்டோடு, இன்று பாதையில் இறங்கியவர்கள் என்ற மூன்றாவது கட்டம் வேண்டும். புத்தாக்கப் பயிற்சிக்கு ரிலீஸ் செய்ய முடியாது என்று ஒரு பிரிவு எழுதினால், அந்தக் கடிதம் பயிற்சிக் கோப்போடு நின்றுவிடக் கூடாது. பாதுகாப்புப் பிரிவுக்கும் ஒரு நகல் போக வேண்டும். இரண்டாம் முறை மறுத்தால் பக்கத்துப் பிரிவிலிருந்து ஆள் கொடுப்பது மேலதிகாரியின் கட்டாயப் பொறுப்பாக வேண்டும்.

கண்ட்ரோலில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மழை இரவில் "எப்ப ரைட் ஆகும்" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போன் செய்வதற்குப் பதில், முதல் அழைப்பிலேயே "மெமோ போட்டாச்சா" என்று கேளுங்கள். அந்தப் பகுதியின் கண்ட்ரோலர்களில் இருவர் இப்போது அப்படித்தான் கேட்கிறார்கள் என்று மெயின்டெய்னர் சொன்னார்.

பேட்டரி சார்ஜ் செய்யும் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. ஓய்வு பெற்றவரின் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அவரிடம் கற்ற மூவரில் இருவர் ஷிஃப்ட் வேலைக்கு நடுவில் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தை நிரப்பக் கேட்டு அனுப்பிய கோப்பு நிதிப் பிரிவில் இருக்கிறது.